சென்னை முதல் கோடியக்கரை வரை: குழந்தைகளுடன் விலங்குகளையும் பறவைகளையும் பார்க்கச் செல்வோர் கேட்கும் கேள்விகள்

சென்னையில் தொடங்கித் தெற்கே நீளும் கடற்கரையிலும் அதையொட்டிய ஏரிகளிலும் குடும்பத்தோடு விலங்குகளைப் பார்க்கத் திட்டமிடுவோர் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் தரப்பட்டுள்ளது. நுழைவுக் கட்டணங்கள் அவ்வப்போது மாறுவதால் அவை சேர்க்கப்படவில்லை. புறப்படும் முன் அந்தந்த இடத்தில் விசாரித்துக்கொள்வது நல்லது.

பிள்ளைகளுக்கு மே மாதத்தில்தான் நீண்ட விடுமுறை. அப்போது வரலாமா?

வரலாம், ஆனால் பார்க்க வேண்டியவற்றில் பாதி அப்போது இருக்காது. வேடந்தாங்கலில் பறவைகள் கூடும் காலம் நவம்பர் முதல் மார்ச் வரை. பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறுவது பெரும்பாலும் ஜனவரி முதல் மார்ச் வரை. பழவேற்காட்டுப் பூநாரைகளும் குளிர்காலத்தில்தான் திரளாகத் தென்படும். அக்டோபர், நவம்பர் மாதங்களில் வடகிழக்குப் பருவமழையும் புயலும் குறுக்கிடும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அரையாண்டு விடுமுறையில் தொடங்கிப் பிப்ரவரி முடியும் வரையுள்ள காலமே இப்பகுதிக்கு மிகப் பொருத்தமானது. பொங்கல் விடுமுறை நடுவில் அமைவது வசதிதான். ஆயினும் காணும் பொங்கல் அன்று மட்டும் வண்டலூர்ப் பக்கமோ மெரினாப் பக்கமோ குழந்தைகளை அழைத்துச் செல்ல வேண்டாம். தொலைந்துபோகும் பிள்ளைகளை அடையாளம் காண்பதற்காகக் காவல்துறையினர் மெரினாவில் குழந்தைகளின் கையில் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிய பட்டையைக் கட்டிவிடும் அளவுக்கு அன்று நெரிசல் இருக்கும்.

மே மாதத்தைத் தவிர வேறு வழியில்லை என்றால் வண்டலூர், வடநெம்மேலி முதலைப் பண்ணை, கிண்டி பாம்புப் பண்ணை ஆகிய மூன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். காலையில் கதவு திறக்கும் நேரத்திலேயே உள்ளே சென்று, பதினொரு மணிக்குள் வெளியே வந்துவிட வேண்டும். அக்கினி நட்சத்திர வெயிலில் புலியும் சிங்கமும் நிழலை விட்டு எழுந்து வருவதில்லை. நாம் மட்டும் அலைவதில் பொருளில்லை.

வண்டலூர் உயிரியல் பூங்காவுக்கு ஒரு நாள் போதுமா? கைக்குழந்தையோடும் வயதான பெற்றோரோடும் நடக்க முடியுமா?

ஒரு நாள் போதும். ஆனால் முழுவதையும் நடந்தே பார்க்க எண்ண வேண்டாம். அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா ஏறத்தாழ 602 ஹெக்டேர் பரப்புள்ளது. 1855இல் எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தில் எட்வர்டு பால்ஃபர் தொடங்கிய விலங்குக் காட்சிச்சாலை, பின்னர் பார்க் டவுனுக்கு மாறி, அங்கும் இடம் போதாமல் 1985இல் வண்டலூர்க் காட்டுப் பகுதிக்கு வந்து சேர்ந்தது. பெரிய விலங்குகள் பல இங்கே கம்பிக் கூண்டுக்குள் இல்லாமல், அகழியால் பிரிக்கப்பட்ட திறந்த வெளியில் இருக்கின்றன. விலங்குக்கு இது நல்லது. பார்ப்பவருக்கோ பொறுமை வேண்டும், ஏனெனில் அது மரத்தடியில் படுத்துக்கொண்டால் காதும் வாலும்தான் தெரியும்.

முதியோருக்கும் கைக்குழந்தை வைத்திருப்போருக்கும் பேட்டரி வண்டியே ஏற்றது. நுழைந்தவுடன் அதற்கான சீட்டை வாங்கிவிடுங்கள். விடுமுறை நாட்களில் பிறகு வரிசை நீண்டுவிடும். 2016 டிசம்பரில் வீசிய வர்தா புயலில் இங்கே ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. அதற்கு முன்பு வந்தவர்கள் நினைவில் வைத்திருக்கும் அடர்ந்த நிழலை எல்லாப் பாதைகளிலும் எதிர்பார்க்க வேண்டாம். தொப்பியும் குடிநீரும் கட்டாயம். புறநகர் ரயிலில் வருவோர் வண்டலூர் நிலையத்தில் இறங்கலாம்; வெளியூர்ப் பேருந்தில் வருவோருக்குக் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் அருகிலேயே உள்ளது.

முதலைப் பண்ணையில் முதலைகள் பொம்மைபோல் அசையாமல் கிடக்கின்றன என்று பிள்ளைகள் சலித்துக்கொள்கிறார்கள். அவர்களுக்கு என்ன சொல்வது?

அந்த அசையாமைதான் அங்கே பார்க்க வேண்டியது என்று சொல்லுங்கள். முதலையின் உடல் தன் வெப்பத்தைத் தானே உண்டாக்கிக்கொள்வதில்லை, வெயிலிலிருந்து எடுத்துக்கொள்கிறது. அதனால் அது மிகக் குறைந்த உணவில் வாழ்கிறது, தேவையில்லாமல் ஓர் அடிகூட நகர்வதில்லை. வாயைத் திறந்தபடி கிடப்பது பெரும்பாலும் மிரட்டல் அன்று, சூட்டைத் தணித்துக்கொள்ளும் வழி. இதைத் தெரிந்துகொண்ட குழந்தை எந்த முதலை வெயிலில் கிடக்கிறது, எது நிழலுக்கு நகர்ந்தது, எது கண்ணை மட்டும் வெளியே விட்டு நீரில் மூழ்கியிருக்கிறது என்று தானே கணக்கெடுக்கத் தொடங்கிவிடும்.

வடநெம்மேலியில் உள்ள இந்தப் பண்ணையை 1976இல் ரோமுலஸ் விட்டேக்கரும் ஜாய் விட்டேக்கரும் தொடங்கினர். தோலுக்காக வேட்டையாடப்பட்டு இந்தியாவின் மூன்று முதலை இனங்களுமே அருகி வந்த காலம் அது. சதுப்புநில முதலை, உவர்நீர் முதலை, நீண்டு மெலிந்த மூக்குடைய கரியால் என்ற அந்த மூன்றையும் ஒரே வளாகத்தில் அடுத்தடுத்துப் பார்த்து ஒப்பிடலாம். வளர்ந்த ஆண் கரியாலின் மூக்கு நுனியில் சிறு பானையைக் கவிழ்த்ததுபோல ஒரு புடைப்பு இருக்கும். அதைத் தேடச் சொன்னால் ஐந்து வயதுப் பிள்ளையும் அரை மணி நேரம் நகராது. சதுப்புநில முதலைகள் இங்கே இடம் கொள்ளாத அளவுக்குப் பெருகியதால், 2022இல் தொடங்கி ஏறத்தாழ ஆயிரம் முதலைகளைக் குஜராத்தின் ஜாம்நகருக்கு அனுப்பும் ஏற்பாடு நடந்தது. அழிவிலிருந்து காக்கத் தொடங்கிய முயற்சி, மிகுதியை என்ன செய்வது என்ற கேள்வியில் வந்து நின்றதை வளர்ந்த பிள்ளைகளுடன் பேசலாம்.

அந்த வளாகத்தில் பாம்பிலிருந்து விஷம் எடுப்பதைக் காட்டுகிறார்களே, அதைக் குழந்தைகளுக்குக் காட்டுவது சரியா?

பாம்பைக் கண்டு மிகவும் அஞ்சும் குழந்தையைக் கட்டாயப்படுத்த வேண்டாம். மற்றவர்களுக்குக் காட்டலாம் என்பது மட்டுமன்று, இப்பகுதியில் ஒரே ஓர் இடத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் நான் இதையே சொல்வேன்.

இது வேடிக்கைக் காட்சி அன்று. 1978இல் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தின் அன்றாடத் தொழிலே நம் கண்முன் நடக்கிறது. பாம்புத் தோல் வணிகத்துக்குப் பாம்பு பிடித்துக் கொடுத்து வாழ்ந்த இருளர் குடும்பங்கள், 1972ஆம் ஆண்டின் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் பிழைப்பை இழந்தன. அதே கைத்திறனை உயிர் காக்கும் வேலைக்குத் திருப்பியது இந்தச் சங்கம். நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் என்ற நான்கு பாம்புகளையும் உரிமம் பெற்றுப் பிடித்து வருகிறார்கள். மண்பானைகளில் சில வாரங்கள் வைத்திருந்து, வாரத்துக்கு ஒரு முறை வீதம் நான்கு முறை விஷம் எடுத்த பின், வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டு மீண்டும் காட்டில் விடுகிறார்கள். அடையாளம் இருப்பதால் அதே பாம்பு உடனே மீண்டும் பிடிபட்டாலும் விட்டுவிட முடிகிறது. நம் மருத்துவமனைகளில் பாம்புக்கடிக்குப் போடும் மருந்து இந்த நான்கின் விஷத்தையும் கொண்டே தயாராகிறது.

இருளர்களான வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. அமெரிக்காவின் ஃப்ளோரிடாச் சதுப்புக் காடுகளில் அயலிலிருந்து வந்து பெருகிவிட்ட மலைப்பாம்புகளைப் பிடித்துக் காட்ட 2017இல் இவர்கள் இருவரும் அங்கே அழைக்கப்பட்டார்கள். பள்ளியில் முதுகலைப் பட்டங்களைப் பற்றி மட்டுமே கேள்விப்படும் பிள்ளைகளுக்கு இந்தச் செய்தி பயன்படும்.

இரவில் கடற்கரையில் நடந்து ஆமைகளைப் பார்க்கலாம் என்கிறார்கள். ஆறு வயதுக் குழந்தையை அழைத்துச் செல்லலாமா?

வேண்டாம். மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பினர் 1988 முதல் சென்னைக் கரையில் இந்த நடையை நடத்தி வருகிறார்கள். ஆமைக் காலத்தில் வாரக் கடைசி இரவுகளில் பொதுமக்களும் உடன் செல்லலாம். நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை ஏறத்தாழ ஏழு கிலோமீட்டர், அதுவும் நள்ளிரவைத் தாண்டி, கால் புதையும் மணலில், விளக்கில்லாமல் நடக்க வேண்டும். விடியற்காலை வரை நீளும் அந்த நடையில் ஆமையைப் பார்ப்போம் என்ற உறுதியும் இல்லை. பதின்வயதுப் பிள்ளைகளுக்கு இது அருமையான அனுபவம்; சிறு குழந்தைக்குத் தண்டனை.

சிறியவர்களுக்கு ஏற்றது குஞ்சுகளைக் கடலில் விடும் மாலை நேரம். நடையின்போது கண்டெடுக்கும் முட்டைகளை நாய்களிடமிருந்தும் மனிதரிடமிருந்தும் காக்க, வேலியிட்ட பொரிப்பகத்தில் அதே ஆழத்தில் மீண்டும் புதைக்கிறார்கள். ஒரு கூட்டில் நூறு முட்டைகளுக்கு மேலும் இருக்கும். ஏறத்தாழ 45 நாட்களுக்குப் பிறகு குஞ்சுகள் மணலைத் துளைத்துக்கொண்டு ஒன்றாக மேலே வரும். மணலின் வெப்பம் கூடினால் பெண் குஞ்சுகளும், குறைந்தால் ஆண் குஞ்சுகளும் மிகுதியாகப் பிறக்கும் என்பது பிள்ளைகளை வியக்க வைக்கும் செய்தி. மார்ச், ஏப்ரல் மாதங்களில் பெசன்ட் நகர்ப் பொரிப்பகத்தில் மாலை வேளைகளில் இதைப் பார்க்க முடியும். எந்த நாளில் குஞ்சு பொரியும் என்று முன்கூட்டி உறுதியாகச் சொல்ல இயலாது.

அங்கே செல்வோர் கைபேசி விளக்கையும் கேமரா ஒளியையும் அணைத்துவிட வேண்டும். குஞ்சுகள் இருட்டில் வெளிச்சமான திசையைக் கடல் என்று எண்ணி நடப்பவை. கரையோரத் தெருவிளக்குகளே அவற்றைச் சாலைப் பக்கம் இழுத்துவிடுகின்றன.

ஆமைக்குஞ்சைக் கையில் எடுத்துப் படம் எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. கடலாமைகள் சட்டத்தில் புலிக்கு இணையான பாதுகாப்புப் பெற்றவை. குஞ்சுக்கு முதல் சில மணி நேரத்தில் உள்ள சக்தி, கரையைக் கடந்து ஆழ்கடல் வரை நீந்துவதற்கே அளவாக இருப்பது.

கரையில் செத்துக் கிடக்கும் பெரிய ஆமைகளைக் குழந்தை பார்த்துவிட்டால்?

பார்க்கத்தான் செய்யும், ஜனவரி, பிப்ரவரியில் சென்னைக் கரையில் நடந்தால் அதைத் தவிர்ப்பது கடினம். 2025 ஜனவரியில் நூற்றுக்கணக்கான ஆமைகள் இறந்து ஒதுங்கின. உண்மையைச் சொல்லிவிடுவதே நல்லது: ஆமைக்கு நம்மைப்போல் நுரையீரல்தான் உண்டு, இழுவை வலையில் சிக்கி, மூச்சு விட மேலே வர முடியாமல் போனால் நீருக்குள்ளேயே இறந்துவிடும். விசைப்படகுகள் கரையிலிருந்து ஐந்து கடல் மைலுக்குள் இழுவை வலை போடக் கூடாது என்ற விதி இருந்தும், ஆமைகள் கூடும் காலத்தில் அது மீறப்படுகிறது. மீனவர் அனைவரையும் குற்றவாளிகளாக்கும் விதத்தில் இதைச் சொல்ல வேண்டியதில்லை; சிறு படகில் சென்று வலை விரிப்போர் பலர், சிக்கிய ஆமையை வலையை அறுத்தாவது விடுவிப்பவர்கள். இறந்த ஆமையைத் தொட வேண்டாம். வனத்துறைக்குத் தகவல் சொல்லலாம்.

வேடந்தாங்கலுக்குச் சென்றோம், பறவைகளே இல்லை. ஏன்?

இரண்டு காரணங்களில் ஒன்றாக இருக்கும். முதலாவது, மழை. சென்னையிலிருந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டரில் மதுராந்தகத்துக்கு அருகில் உள்ள இந்த இடம் அடிப்படையில் ஒரு பாசன ஏரி. நீரில் நிற்கும் மரங்களின் மேல்தான் பறவைகள் கூடு கட்டுகின்றன. ஏரி நிறையாத ஆண்டில் அவை வருவதில்லை, வந்தாலும் தங்குவதில்லை. எனவே டிசம்பர் தொடக்கத்தில் ஏரியில் நீர் இருக்கிறதா என்று கேட்டறிந்த பின் நாள் குறியுங்கள்.

இரண்டாவது, நேரம். பகலில் பெரும்பாலான பறவைகள் இரை தேடச் சுற்றுவட்டார வயல்களுக்கும் ஏரிகளுக்கும் போய்விடும். மாலை நான்கு மணிக்கு மேல் கரையில் நின்றால், கூழைக்கடாக்களும் நத்தைகுத்தி நாரைகளும் கரண்டிவாயன்களும் அரிவாள்மூக்கன்களும் கூட்டம் கூட்டமாகத் திரும்பி வருவதைக் காணலாம். விடியற்காலையும் நல்ல நேரமே, நண்பகல் வீண். இங்குள்ள வெள்ளைப் பறவைகள் அனைத்தும் சைபீரியாவிலிருந்து வந்தவை என்று வழிநெடுகச் சொல்வார்கள். கூடு கட்டிக் குஞ்சு பொரிப்பவை நம் துணைக்கண்டத்துப் பறவைகளே; வடக்கிலிருந்து வரும் ஊசிவால் வாத்து போன்றவை குளிரைக் கழித்துவிட்டுத் திரும்பிவிடும், இங்கே முட்டையிடுவதில்லை.

ஏரிக்கும் ஊருக்கும் உள்ள உறவையும் குழந்தைகளுக்குச் சொல்லுங்கள். பறவைகளின் எச்சம் கலந்த நீர் வயலுக்கு உரமாகப் பாய்கிறது. அதை அறிந்த ஊரார், வெள்ளைக்காரச் சிப்பாய்கள் இங்கே பறவைகளைச் சுட்டபோது எதிர்த்துநின்று, 1798இல் செங்கல்பட்டு ஆட்சியர் லயோனல் பிளேசிடமிருந்து பறவைகளைக் காக்கும் உரிமையை எழுத்தில் பெற்றார்கள். தீபாவளிக்கும் இந்த ஊரில் வெடி வெடிப்பதில்லை. காட்டுத்துறை என்ற ஒன்று ஏற்படுவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே ஓர் ஊர் செய்த காரியம் இது. வண்டி இருந்தால் பக்கத்திலுள்ள கரிக்கிலிப் பறவைகள் சரணாலயத்தையும் பார்த்துவிட்டு வரலாம். அங்கே மரத்தில் கூடு கட்டும் பறவைகளைவிட நீர்மட்டத்தில் மேயும் வாத்து வகைகள் மிகுதி.

பூநாரைகளை அருகில் பார்க்கப் பழவேற்காட்டில் படகு எடுக்கலாமா?

சென்னைக்கு வடக்கே உள்ள பழவேற்காடு, இந்தியாவில் ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி. பூநாரைகள் ஆழமில்லாத சேற்றுப் பரப்பில், கரையிலிருந்து வெகுதூரத்தில் நிற்பவை. படகு நெருங்கினால் எழுந்து பறந்துவிடும். ஒவ்வொரு முறை எழும்பும்போதும் அவற்றின் மேய்ச்சல் நேரம் வீணாகிறது. ஆகவே படகால் பயனும் குறைவு.

அதைவிட முக்கியமானது பாதுகாப்பு. 2011 டிசம்பர் 25 அன்று, விடுமுறைக்கு வந்த குடும்பங்கள் ஏறிய படகு இங்கே கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர்; அவர்களில் குழந்தைகளும் இருந்தார்கள். கரையில் யாரேனும் அழைத்து, உயிர்காப்பு அங்கி தராமல் ஏற்றினால் மறுத்துவிடுங்கள். நல்ல தொலைநோக்கி ஒன்றை எடுத்துக்கொண்டு, ஆந்திரப் பக்கம் சூலூர்ப்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா செல்லும் சாலையில் பார்ப்பது மேல். அந்தச் சாலை ஏரிக்குள்ளேயே செல்கிறது. அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தில் குளிர்காலக் காலைப் பொழுதில் நின்று பார்க்கலாம்; சில ஆண்டுகளில் பூநாரைகள் அங்கேயே வந்துவிடுகின்றன.

டால்பின் காட்சி எங்கே நடக்கிறது?

எங்கும் இல்லை. டால்பின்களை அடைத்துவைத்துக் காட்சி நடத்துவதற்கு 2013இல் இந்திய அரசு அனுமதி மறுத்துவிட்டது. அதற்கு முன் 1990களின் இறுதியில் சென்னைக்கு அருகே ஒரு கேளிக்கைப் பூங்காவுக்குப் பல்கேரியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட டால்பின்கள் சில மாதங்களிலேயே இறந்துபோயின.

கடற்கரைக் குதிரைச் சவாரி, கிளி சோதிடம், குரங்குக்குப் பழம் கொடுப்பது இவையெல்லாம்?

குதிரைச் சவாரியைப் பற்றி நான் கடுமையாகச் சொல்லமாட்டேன். அதை நம்பிக் குடும்பங்கள் வாழ்கின்றன. ஆனால் காலில் புண்ணுள்ள, எலும்பு தெரியும் குதிரையில் ஏற்ற வேண்டாம். உச்சி வெயிலில் ஏற்ற வேண்டாம். தலைக்கவசம் இல்லாமல் ஓடவிடச் சொல்லவே வேண்டாம். நம் ஊர்ப் பச்சைக்கிளியைக் கூண்டில் வைப்பது சட்டப்படி குற்றம். குரங்குக்கு உணவு கொடுத்துப் பழக்கினால் அடுத்து வரும் குழந்தையின் கையிலிருந்து அது பிடுங்கும். கடித்தால் வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட வேண்டியிருக்கும்.

கடலில் குளிக்கலாமா? ஜெல்லி மீன் கொட்டினால் என்ன செய்வது?

மெரினாவில் குளிக்கத் தடை உள்ளது. மாமல்லபுரம் வரையுள்ள பெரும்பாலான இடங்களிலும் அலைக்கு அடியில் ஆளை உள்ளே இழுக்கும் நீரோட்டம் உண்டு. தூய்மைக்கும் பாதுகாப்புக்கும் தரப்படும் பன்னாட்டு நீலக்கொடிச் சான்றை 2021இல் பெற்ற கோவளம் கடற்கரையில் குளிப்பதற்கென எல்லை குறித்து, காவலர்களும் நிற்கிறார்கள்; அங்கும் முழங்காலுக்கு மேல் குழந்தையை விட வேண்டாம்.

ஜெல்லி மீன் கொட்டிய இடத்தைத் தேய்க்கக் கூடாது. கடல் நீரால் கழுவி, ஒட்டியிருக்கும் இழைகளை ஓர் அட்டையின் விளிம்பாலோ இடுக்கியாலோ எடுத்துவிட வேண்டும். நல்ல தண்ணீர் ஊற்றினால் எரிச்சல் கூடலாம். மூச்சுத் திணறலோ வாந்தியோ இருந்தால் 108ஐ அழையுங்கள். கரையில் ஒதுங்கிக் காய்ந்து கிடப்பதும் கொட்டும். நீல நிறத்தில் காற்றடைத்த பை போலக் கிடப்பவற்றைப் பிள்ளைகள் விளையாட்டுப் பொருள் என்று எடுத்துவிடுகிறார்கள்.

இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. தெற்கே எங்கே போகலாம்?

கோடியக்கரைக்கு. வழியில் சிதம்பரத்துக்கு அருகே பிச்சாவரத்தில் சுரபுன்னைக் காட்டுக்குள் படகில் ஒரு காலைப் பொழுதைக் கழிக்கலாம். வேதாரண்யத்தைத் தாண்டி நிலம் கடலுக்குள் நீளும் முனையில் உள்ள கோடியக்கரைச் சரணாலயம், வெளிமான்களுக்காக 1967இல் அறிவிக்கப்பட்டது. சென்னைக் கிண்டியில் வேலிக்குள் காணப்படும் அதே மானை இங்கே உப்புக்காற்று வீசும் புல்வெளியில், முறுக்கிய கொம்போடு ஆண்மான் முன்னே நிற்கக் கூட்டமாகப் பார்க்கலாம். வளர்ப்பிலிருந்து காடேறிய மட்டக் குதிரைகளும் உண்டு. நவம்பர் முதல் பிப்ரவரி வரை, காலை ஒன்பது மணிக்கு முன் செல்ல வேண்டும். தங்கும் வசதி குறைவு என்பதால் வேதாரண்யத்திலோ நாகப்பட்டினத்திலோ அறை எடுப்பது நடைமுறைக்கு ஏற்றது.

எந்த இடத்துக்கு எந்த நாள் விடுமுறை?

வடநெம்மேலி முதலைப் பண்ணைக்குத் திங்கட்கிழமை. வண்டலூருக்கும் கிண்டி சிறுவர் பூங்காவுக்கும் பாம்புப் பண்ணைக்கும் செவ்வாய்க்கிழமை. சனி, ஞாயிறு கூட்டத்தைத் தவிர்க்க நினைப்போர் திங்களன்று வண்டலூரும் செவ்வாயன்று வடநெம்மேலியும் என்று மாற்றி அமைத்துக்கொண்டால் இரண்டையும் நெரிசலின்றிப் பார்த்துவிடலாம்.